கன்னி மூலையில் ஒரு லாக்கர்

எங்கள் வீட்டு லாக்கரைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும், "ஐயோ, உங்களைக் கேட்காமலே வாங்கிவிட்டார்களா" என்று எனக்காகப் பரிதாபப்பட வேண்டாம். கேட்டார்கள். நானே கடைக்குப் போய், கதவைத் தட்டிப் பார்த்து, விற்கிறவனைக் கேள்வி கேட்டே வியர்க்க வைத்து வாங்கினேன். என்னை என் அறையிலிருந்து வெளியே அனுப்பப் போகிற சாமானைப் பார்த்துப் பார்த்து நானே வாங்கியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் செங்கோட்டைப் பக்கத்துச் சின்ன ஆபீஸ்களில்தான் காலம் போனது. அங்கெல்லாம் தரையோடு சேர்த்துப் பதித்த இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். இரண்டு பேரும் நின்றால்தான் அது வாயைத் திறக்கும். அந்தக் கதவை இழுத்து இழுத்தே என் வலது தோள்பட்டை தேய்ந்தது. ஆகவே பெட்டி விஷயத்தில் எனக்கு விவரம் தெரியும் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். வேறு எந்த விஷயத்திலும் ஒப்புக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்கள் ஒரு கண்ணீர்க் கதையை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். தம்பி தங்கைகளுக்காகத் தியாகம், பாதியில் முறிந்த நிச்சயதார்த்தம், அந்த மாதிரி. அதெல்லாம் ஒன்றும் கிடையாது. வந்த மாப்பிள்ளைகளை எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் வருவது நின்றுபோனது. எனக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. ஒரே தம்பி, மூன்று வயது இளையவன், போலீஸில் இருந்தான். அவனும் அவன் மனைவியும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர்கள் பிள்ளைகள் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள்.

குத்துக்கல்வலசையில் இந்த வீட்டைக் கட்டிப் பத்து வருஷம் ஆகிறது. கட்டும்போது தம்பி தூத்துக்குடிப் பக்கம் டூட்டியில் கிடந்தான். கொத்தனாரோடு மல்லுக்கட்டியது நான். காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஓஸ் குழாயைப் பிடித்துச் சுவருக்குத் தண்ணீர் விட்டது நான். சாயங்காலம் வந்து சிமெண்ட் மூட்டை எண்ணிக்கை சரியா என்று பார்த்தது நான். பத்திரம் தம்பி பெயரில் இருந்தது. ஆபீஸில் ஒவ்வொரு பாரத்திலும் பெயர் சரியாக இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், அந்த ஒரு தாளை மட்டும் பார்க்கவே இல்லை. கூடப் பிறந்தவன் பெயர்தானே என்று இருந்துவிட்டேன்.

பால் காய்ச்சிய அன்று தம்பிதான் என் கையைப் பிடித்து அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். "எக்கா, நீதான மூத்தவ. கன்னி மூலை ரூமு உனக்குத்தான்" என்றான். கன்னி மூலை என்றால் வீட்டின் தென்மேற்கு மூலை. எங்கள் பக்கத்தில் ஒரு மனையை வாங்கினால் முதலில் அந்த மூலை எப்படி இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். அங்கே பாரம் இருக்க வேண்டும், வீட்டுக்கு மூத்த, கனமான ஆள் இருக்க வேண்டும். என் ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி சும்மா இருக்காமல், "கன்னி மூலைக்குப் பொருத்தமான கன்னியாத்தான் பிடிச்சுப் போட்டிருக்காக" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த அறையில் மேற்கே ஒரு ஜன்னல். கட்டிலில் படுத்தபடியே மலை தெரியும். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா இல்லையா என்று ஊரெல்லாம் போனில் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் மலை முகட்டில் மேகம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். ஆனி பிறந்தால் சாரல் ஜன்னல் வழியாகக் கால்மாட்டை நனைக்கும். பாதி திறந்துவைத்துக்கொண்டு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன். வாழ்க்கையில் எனக்கென்று ஒரு கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தது அந்த அறையில்தான். சொகுசு என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு அது வேண்டியிருந்தது.

போன வருஷம் தம்பி ஓய்வு பெற்று வந்தான். வந்த இரண்டாவது மாதம், நாலு வீடு தள்ளி ஒரு குடும்பம் காலையில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டு திரும்பி வருவதற்குள் பின்கதவை நெம்பி, பீரோவை உடைத்து, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தம்பிக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. வேலைக் காலம் முழுக்க அடுத்தவன் வீட்டுத் திருட்டுக்கு மகஜர் எழுதியவன், சொந்த வீட்டில் பூனை குதித்தாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினான். அவன் மகனுக்குக் கட்டிய மருமகளின் நகையும் இங்கேதான் இருக்கிறது. பயம் நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை.

"எக்கா, ஒரு லாக்கர் வாங்கிருவோம். நீ வந்து பாரு. எனக்கு என்ன தெரியும்" என்றான்.

தென்காசியில் இரும்புச் சாமான் கடைக்குப் போனோம். விற்கிறவன் பளபளவென்று ஒரு புத்தகத்தை விரித்து வைத்தான். இது மாடுலர் லாக்கர் என்றான். பழைய இரும்புப் பெட்டி மாதிரி எட்டுப் பேர் சேர்ந்து தூக்க வேண்டியதில்லையாம். பலகை பலகையாக வரும். வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து முடுக்கி, சுவரோடும் தரையோடும் போல்ட் போட்டுவிடுவார்கள். "நாளைக்கு நகை கூடுச்சுன்னா மேல இன்னொரு பெட்டிய மாட்டிக்கிடலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி நம்பரு" என்றான்.

"பேட்டரி தீந்துபோச்சுன்னா?" என்றேன்.

"அவசரச் சாவி இருக்கும்மா."

"அந்தச் சாவியக் கொண்டு யாருனாலும் தொறக்கலாம்லா? பெறகு நம்பரு எதுக்கு?"

அவன் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினான். நான் போல்ட்டைக் காட்டச் சொன்னேன். எத்தனை அங்குலம் சுவருக்குள் போகும் என்று கேட்டேன். உள்ளே கூடாக இருக்கிற ஹாலோ பிளாக் கல்லில் அடித்தால் பிடிக்குமா என்று கேட்டேன். பிடிக்காது, நல்ல கெட்டிச் சுவர் வேண்டும் என்று அவனே ஒப்புக்கொண்டான். தம்பி பக்கத்தில் நின்று பெருமையாகச் சிரித்தான். "எங்க அக்காகிட்ட சிக்கினியா" என்று அவனிடம் சொன்னான். எனக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று, மறைப்பானேன்.

இரண்டு பெட்டி வாங்கினோம். கீழே பெரியது தம்பி குடும்பத்துக்கு. மேலே சின்னது எனக்கு. "ஒனக்குன்னு தனியா ஒண்ணு இருக்கட்டும்க்கா. யாரையும் கேக்க வேண்டாம், நீயே தொறந்துக்கிடலாம்" என்று அவன்தான் சொன்னான். என் சொத்து என்ன பெரிய சொத்து, ஒரு இரட்டை வடச் சங்கிலி, அம்மாவின் கல் தோடு, பென்ஷன் காகிதங்கள். இருந்தாலும் தனி நம்பர் என்றதும் ஒரு சின்னப் பிள்ளை சந்தோஷம் வந்தது. பஸ்ஸில் வரும்போதே நம்பரை யோசித்து வைத்துவிட்டேன்.

லாக்கர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் தம்பி மனைவி, இடம் குறித்துக் கொடுக்க ஒரு மனை பார்க்கிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஐம்பது வயது இருக்கும். வந்ததும் வராததுமாக என்னைப் பார்த்து, "வாங்க ஆச்சி" என்றார். என் வீட்டு வாசலில் நின்று என்னை வரவேற்கிற ஆள் அவர்! அந்தக் காலத்து ஆள் மாதிரி கயிறும் குச்சியும் கிடையாது. போனில் திசை காட்டி. வீடு முழுக்கச் சுற்றிவிட்டு என் அறைக்கு வந்து, போனை என் இரும்புக் கட்டில் மேல் வைத்துத் திசை பார்த்தார்.

"இரும்பு மேல வச்சா திசை மாறும்லா" என்றேன்.

"இது ஊசி இல்ல ஆச்சி, நெட்டு" என்றார்.

பார்த்து முடித்துவிட்டுத் தம்பியிடம் திரும்பினார். "அண்ணாச்சி, பெட்டி இங்கனதான் உக்காரணும். வாய் வடக்க பாத்து இருக்கணும். இந்த ரூம்ல யாரு படுக்கா?"

"அக்கா."

"அவுக வீட்டுக்காரர்?"

"அவ கல்யாணம் பண்ணிக்கிடல."

அவர் நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தார். "அங்கனதான் தப்பு. கன்னி மூலையில குடும்பஸ்தன்தான் படுக்கணும், புருசனும் பொண்டாட்டியுமா. பெட்டியும் அவுக தலமாட்டுல இருக்கணும். கல்யாணம் ஆவாதவுகளுக்கு வாயு மூலைதான்."

வாயு மூலை என்றால் வடமேற்கு. எங்கள் வீட்டில் அங்கே துவைக்கிற மிஷினும் இன்வெர்ட்டரும் விருந்தாளிகளுக்கு ஒரு மடக்குக் கட்டிலும் இருந்தன. "அங்கன படுத்தா என்ன ஆவும்?" என்று கேட்டேன்.

"அது காத்து மூலைல்லா ஆச்சி. அங்கன இருக்கவுக நெலைக்க மாட்டாக. விருந்தாளிய அங்கன போட்டா சட்டுனு கெளம்பிருவாக. கொமருப் பிள்ள இருந்தா சீக்கிரமா வரன் அமைஞ்சு போயிரும்."

"எனக்கு இனும வரன் பாக்கப் போறியளோ?"

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை. அவன் தரையைப் பார்த்த விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். "எக்கா, ரூமுதானக்கா. இந்த வீட்டுலதான இருக்கப் போற" என்றான். "அங்கன பாத்ரூமும் பக்கம் மதினி. உங்க மூட்டுவலிக்கு நல்லது" என்றாள் அவள். எனக்கு மூட்டுவலி கிடையாது. அவளுக்குத்தான் இருக்கிறது.

"வேற சுவத்துல வைங்க" என்றேன்.

"நீதானக்கா கெட்டிச் சுவரு வேணும்ன. மத்த ரூமெல்லாம் ஹாலோ பிளாக் கல்லு. இந்த ரூமுக்கு மட்டும் நீதான கொத்தனார்ட்ட சண்ட போட்டு நல்ல கல்லு வைக்கச் சொன்ன."

ஆமாம், நான்தான் சொன்னேன். புத்தகம் வைக்கக் கனமான பலகை அடிக்க வேண்டும் என்று கொத்தனாரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்து அந்தச் சுவரை வாங்கினேன். என் வாயை அடைக்க என் பேச்சே அவனுக்குப் போதுமாக இருந்தது.

அப்போது நான் கத்தியிருக்க வேண்டும். எனக்குக் கத்தத் தெரியாதா? மேலதிகாரியையே ஒரு தடவை கவுண்டருக்கு முன்னால் நிற்க வைத்துக் கேட்டவள் நான். ஆனால் கத்தினால் அடுத்து என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். இது யார் வீடு என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சை அவன் வாயிலிருந்து கேட்டுவிட்டு அதே வீட்டில் சோறு தின்ன என்னால் ஆகாது. அதனால் அவன் அதைச் சொல்லிவிடாமல் நான்தான் காப்பாற்றினேன். மேல் பெட்டியாவது எனக்கு இருக்கிறது, அதைத் திறக்க அந்த அறைக்குள் நான் போய்த்தானே ஆக வேண்டும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். மறுநாள் மடக்குக் கட்டிலை விரித்தேன்.

லாக்கர் வந்த அன்று கடையிலிருந்து இரண்டு ஆட்கள் வந்தார்கள். பலகைகளை அட்டையிலிருந்து பிரித்து என் பழைய அறைத் தரையில் அடுக்கினார்கள். மேற்கு ஜன்னலுக்கு ஏற்கெனவே தம்பி இரும்புத் தகடு அடித்துவிட்டிருந்தான். பெட்டி இருக்கிற அறைக்கு ஜன்னல் எதற்கு என்று கேட்டான். உள்ளே பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. நான் சங்கிலியையும் தோட்டையும் பென்ஷன் காகிதங்களையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு ஆள் ரசமட்டத்தை வைத்துத் தரை மட்டம் பார்த்தான். இன்னொரு ஆள் டிரில்லிங் மிஷினை எடுத்துச் சுவரில் முனையை வைத்தான். அந்த நேரம் பார்த்துத் தம்பி மனைவி சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! கன்னிக்குச் சொல்லாம கன்னி மூலையில ஓட்ட போடலாமா?"

எங்கள் பக்கத்தில், கல்யாணம் ஆகாமல் சின்ன வயதில் செத்துப்போன பெண்ணைக் கன்னி என்று சொல்லி வீட்டிலேயே கும்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பாவாடை, தாவணி, கண்ணாடி வளையல், சாந்துப் பொட்டு எல்லாம் புதிதாக வாங்கிப் படைத்து, ஒரு பெட்டியில் போட்டு வைத்துவிடுவார்கள். எங்கள் குடும்பத்துக் கன்னி என் அப்பாவின் தங்கை. பதினேழு வயதில் காய்ச்சலில் போனவள். நான் அவளைப் பார்த்ததில்லை. அவள் பெட்டி பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது.

அதை எடுத்து வந்தார்கள். ஆட்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் சூடம் காட்டினார்கள். "மதினி, நீங்களும் கும்பிட்டுக்கிடுங்க" என்றாள். நாற்காலியை விட்டு எழுந்து கும்பிட்டேன். அதற்கப்புறம் துளை போட்டார்கள், போல்ட் இறங்கியது, பெரிய பெட்டி நின்றது, அதன் மேல் சின்னப் பெட்டியை முடுக்கினார்கள். தம்பிக்கு நம்பர் போடுவது எப்படி என்று இரண்டு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டு ஆட்கள் கிளம்பிப் போனார்கள்.

நான் பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் தம்பி மனைவி அத்தையின் பெட்டியைத் தூக்கி மேல் லாக்கருக்குள் வைத்துவிட்டாள். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது.

"இத எதுக்கு இங்கன வைக்க?" என்றேன்.

"மனை பாக்குறவருட்ட இப்பதான் போன்ல கேட்டேன் மதினி. கன்னி அவ மூலையிலயே இருந்தா நகைக்குக் காவலா இருப்பாளாம். இனும எடுத்து எடுத்து மாத்தக் கூடாதாம்."

"அது எனக்குன்னு வாங்குனதுல்லா?"

தம்பிதான் பதில் சொன்னான். "ஒன்னதக் கீழ எங்க பெட்டியிலயே வச்சுக்கிடுவோம்க்கா. எங்க போயிரப் போவுது?"

அப்போதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் போயிற்று. "ஏலே, உயிரோட இருக்கவளுக்கு இந்த மூலையில இடமில்ல, செத்தவளுக்குத் தனிப் பெட்டியா? அவளும் கல்யாணம் ஆவாதவ, நானும் கல்யாணம் ஆவாதவ. நான் செத்தா எனக்கும் இங்கன பாவாட தாவணி வச்சுக் கும்பிடுவேல்லா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

தம்பியின் முகம் வாடிப்போய்விட்டது. அவனுக்கு என் மேல் பாசம் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். "ஏன்க்கா இப்படிப் பேசுத? ஒனக்கு வைக்காம இருப்பமா?" என்றான், கண்கலங்க.

அவன் மனைவி லாக்கர் மேலிருந்த சுவர்த்தூளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபமும் கிடையாது, குத்தலும் கிடையாது. தெரிந்த விஷயத்தைச் சொன்னாள். "அது வயசுல போனவுகளுக்குத்தான் மதினி. அறுவது தாண்டிட்டா கன்னி ஆவாது."

அவள் சொன்னது சரிதான். அந்த மூலைக்கு உரிய வயதில் நான் சாகவில்லை. புருஷனோடு படுக்கவும் இல்லை. கன்னி மூலையில் இருக்க இந்த இரண்டு வழிதான் உண்டு என்று பத்து வருஷமாக எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் துணியை வைத்துவிட்டு வந்து, "குடுங்க மதினி" என்று என் கையிலிருந்த பையை வாங்கினாள். ஏன் கொடுத்தேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்த விரல்கள் தாமாக விட்டுவிட்டன. அவள் அதைக் கீழ்ப் பெட்டியில், மருமகள் நகைக்குப் பின்னால், உள்ளே தள்ளி வைத்தாள்.

தம்பி பெட்டிக் கதவைச் சாத்தினான். குனிந்து, இடது கையால் பொத்தான்களை மறைத்துக்கொண்டு, வலது கையால் நம்பரை அழுத்தினான். அறையில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அந்த நம்பரைக் காலையில் அவனுக்குச் சொன்னதே அவன் மனைவிதான்.